சிலோவா தீவின் சங்குத் தலைப்பட்டை

"நீ ஒளிச்சத நீதான் எடுத்துக் குடுக்கணும். அதுக்கு என்னைய எதுக்கு இழுக்க?" என்றான் தஸ்நேவிஸ்.

"நீயுந்தானல கூட வந்த?"

"எனக்கு அப்ப ஒம்பது வயசு. 'துடுப்பப் போடுல'ன்ன. போட்டேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது."

மெற்றில்டா தம்பியை முறைத்தாள். தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் இருந்த அவளுடைய சங்குப் பட்டறையில் அன்று காலை ஒரு வேலையும் நடக்கவில்லை. சங்கு அறுக்கும் எந்திரம் சும்மா கிடந்தது. மேசையில் அவளுடைய போன். அதில் வந்திருந்த குரல் செய்தியை அவள் ஏழாவது முறையாக ஓடவிட்டாள்.

"ஏ டில்டா, நாந்தான் வாரிக்கோ பேசுதேன், சிலோவாலேர்ந்து. ஒன் நம்பர இப்பத்தான் தேடிப் புடிச்சேன். நல்லாருக்கியா? தஸ்ஸு நல்லாருக்கானா? அம்மா நல்லாருக்காவளா? எங்க அப்பாக்கு மேலுக்கு முடியல. படுத்துட்டாரு. அந்தச் சங்குப் பட்டை தொலைஞ்சதுலேர்ந்து திடல்ல அவரு ஒரு வார்த்தை பேசல, ஒனக்குத் தெரியாதுல்லா? இருவத்தாறு வருசம். அப்படியே பேசாமலே போயிருவாரோன்னு பயமா இருக்கு. ஒங்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு, சொல்லுதேன்."

பசிபிக் கடலின் மேற்கு மூலையில், மெலனீசியத் தீவுக் கூட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருவன் இப்படித் தூத்துக்குடித் தமிழ் பேசினால் கேட்பவர்களுக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கும். மெற்றில்டாவின் அப்பா அந்தத் தீவின் பள்ளிக்கூடத்தில் ஆறு வருடம் கணக்கு வாத்தியார். பக்கத்து வீட்டு வாரிக்கோ அந்த ஆறு வருடமும் இவர்கள் வீட்டு அடுப்படியில்தான் கிடந்தான். மெற்றில்டாவின் அம்மா வைத்த மீன் குழம்பையும் அவள் வாயில் வந்த வசவையும் அவன் ஒன்றாகவே கற்றுக்கொண்டான். அந்த அம்மா இறந்து நான்கு வருடம் ஆகிறது. அது அவனுக்குத் தெரியாது.

மெற்றில்டா எழுந்து இரும்புப் பெட்டியைத் திறந்தாள். அடியிலிருந்து ஒரு கணக்கு நோட்டு வந்தது. கடைசிப் பக்கத்தில், நீலப் பென்சிலில், பதினொரு வயது மெற்றில்டா வரைந்த வரைபடம்.

"தஸ்ஸு, நான் போவுதேன். நீ வந்தாலும் சரி, வராட்டாலும் சரி."

தஸ்நேவிஸ் சங்கு குளிப்பவன். பன்னிரண்டு பாகம், அதாவது எழுபது அடிக்கு மேல், ஆழத்தில் தடவிச் சங்கு எடுப்பவன். அக்காவுக்கு நீந்தத் தெரியும், முங்கத் தெரியாது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். அவன் மிச்சம் இருந்த டீயைக் குடித்துவிட்டு, "முங்குக் கண்ணாடி ரெண்டு எடுத்துக்கிடுதேன்," என்றான்.

மூன்று விமானமும் ஒரு சரக்குக் கப்பலுமாக அவர்கள் போய்ச் சேர்வதற்குள், அப்படி என்னதான் ஒளித்து வைத்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

சிலோவாவில் ஊருக்கு ஒரு திடல் உண்டு. சண்டை சச்சரவு வந்தால் அங்கேதான் தீரும். தீர்த்து வைப்பவர் தலையில் ஒரு பட்டை இருக்கும். தாழை நாரில் பின்னிய பட்டை, அதன்மேல் சுண்டுவிரல் நகம் அளவு வெள்ளைச் சங்குகள் வரிசையாகத் தைத்திருக்கும். அழகுக்கு அணிகிற நகை என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு சங்கும் ஒரு சண்டை தீர்ந்த அடையாளம். தீர்ப்பு இரண்டு பேருக்கும் சம்மதம் என்றால், சண்டை போட்ட இருவரும் சேர்ந்து போய் ஒரு சங்கு பொறுக்கி, முதுகைத் தேய்த்து, துளை போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பட்டையை அவர் தானாகத் தலையில் கட்டிக்கொள்ளவும் முடியாது. முன்பு சண்டை போட்ட யாராவது இரண்டு பேர், ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக் கட்டிவிட வேண்டும். பட்டை தலையில் இல்லாதபோது அவர் திடலில் வாய் திறக்கக் கூடாது. தொலைத்துவிட்டால் புதிதாக ஒன்று செய்துகொள்ளவும் முடியாது, தீர்ந்த சண்டைகளுக்குப் புதிதாகச் சங்கு ஏது?

வாரிக்கோவின் அப்பா ஹோலாவுவின் பட்டையில் எழுபத்தொரு சங்குகள் இருந்தன.

எழுபத்திரண்டாவது வழக்கு மெற்றில்டாவுக்கும் வாரிக்கோவுக்கும் நடந்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு குட்டிப் படகு செய்திருந்தார்கள். மரத்தைக் குடைந்தது வாரிக்கோ. பாய்க்கு அம்மாவின் சேலையைக் கிழித்துக் கொடுத்து அடி வாங்கியது மெற்றில்டா. படகு மிதந்ததும் அது யாருடையது என்று சண்டை வந்துவிட்டது. ஹோலாவு சின்னப் பிள்ளைகள்தானே என்று சிரித்து அனுப்பாமல், தலைப்பட்டையோடு திடலில் உட்கார்ந்து இரண்டு பேர் சொன்னதையும் முழுக்கக் கேட்டார். கடைசியில், "நாளைக்குச் சொல்கிறேன்," என்றார்.

நாளைக்கு என்ன சொல்வார் என்று மெற்றில்டாவுக்குத் தெரியும் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். சொந்த மகனுக்கு எதிராக எந்த அப்பா தீர்ப்புச் சொல்வார்? பட்டை இல்லாவிட்டால் அவரால் பேச முடியாது, பேசாவிட்டால் படகு வாரிக்கோவுக்குப் போகாது. பதினொரு வயதுப் புத்தி அவ்வளவுதான். அன்று சாயங்காலமே ஹோலாவு வீட்டுத் தூணில் தொங்கிய பட்டையை எடுத்து, பாய்ச்சேலையைக் கழற்றி அதில் சுற்றி, பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, மூடியைச் சுற்றி மெழுகுவர்த்தி உருக்கி அடைத்து, அதே படகில் தம்பியை ஏற்றிக்கொண்டு போய்த் தென்பக்கக் குட்டித் தீவின் குகையில் ஒளித்தாள். இரண்டு நாள் கழித்து எடுத்து வைத்துவிடலாம் என்றுதான் திட்டம்.

மறுநாள் விடிகாலையில் தீவின் எரிமலை உறுமியது. சாம்பல் விழத் தொடங்கியதும் வெளியூர் ஆசிரியர்கள் எல்லோரையும் ஒரு மணி நேரத்தில் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். கையில் கிடைத்ததை எடு என்று அப்பா கத்தினார். மெற்றில்டா கணக்கு நோட்டை எடுத்தாள். அவ்வளவுதான், சிலோவா முடிந்துபோனது.

பிறகு ஏன் ஒரு வரி எழுதவில்லை என்று கேட்பீர்கள். முதலில் பயம். அப்புறம், அவர் இதற்குள் வேறு பட்டை செய்துகொண்டிருப்பார் என்ற சமாதானம். அப்புறம் வேலை, வீடு, வயது. இருபத்தாறு வருடம் அப்படித்தான் ஓடும்.

சரக்குக் கப்பல் சிலோவாத் துறையில் நின்றபோது மெற்றில்டாவுக்கு முதலில் வாசனைதான் அடித்தது. புகையும் வாட்டிய தேங்காயும் மழைச் சேறும் கலந்த வாசனை. அதை மறந்துவிட்டதாக நினைத்திருந்தாள். கப்பல் அணைகிற மரப்பாலத்தில் ஒரு ஆள் கையை ஆட்டிக்கொண்டு நின்றான். தொப்பை, நரைத்த தாடி. வாயைத் திறந்ததும் பத்து வயதுப் பையன் வெளியே வந்துவிட்டான்.

"வந்துட்டியளாக்கும்! ஏல தஸ்ஸு, என்னல இப்படி ஊதிட்ட?"

"ஒன் தொப்பையப் பாத்துட்டுப் பேசு," என்றான் தஸ்நேவிஸ். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். அம்மா போய்விட்ட செய்தியைச் சொன்னதும் வாரிக்கோ தரையில் உட்கார்ந்து இன்னொரு தடவை அழுதான்.

ஹோலாவு வீட்டில் பாயில் படுத்திருந்தார். மெற்றில்டாவைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றார். அவள் தலையில் கை வைத்து, அவள் எப்போதோ மறந்துவிட்ட தீவு மொழியில், மெல்லிய குரலில் ஏதோ சொன்னார்.

"சேலையக் கிழிச்ச புள்ள வந்துட்டான்னு சொல்லுதாரு," என்றான் வாரிக்கோ.

வீடு பிறகு கட்டியதுதான், ஆனால் தூணில் அதேபோல ஒரு மர முளை இருந்தது. அதில் எதுவும் தொங்கவில்லை. துடைத்துத் துடைத்து முளை பளபளத்தது. மெற்றில்டா சாப்பிட உட்கார்ந்தாள். அன்று சொல்லிவிடலாம் என்று மூன்று முறை வாயைத் திறந்தாள், மூன்று முறையும் இன்னொரு கிழங்கு வேண்டுமா என்று கேட்டுத் தட்டில் வைத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை, குட்டித் தீவைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி வாரிக்கோவின் மோட்டார்ப் படகில் ஏறினார்கள். பாதிக் கடலில் அவள் கணக்கு நோட்டைப் பிரித்து அவன் மடியில் வைத்தாள்.

"பட்டை தொலையல வாரிக்கோ. நாந்தான் எடுத்தேன். ஒளிச்சு வச்சேன்."

வாரிக்கோ மோட்டாரை நிறுத்தினான். படகு சும்மா ஆடியது. அவன் வரைபடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எதுக்கு?"

"நீ ஜெயிச்சிருவன்னு."

"அப்பா மூணு மாசம் சாம்பல்ல தேடினாரு, தெரியுமா? கையால தோண்டித் தோண்டித் தேடினாரு. நானும் கூடத் தோண்டினேன். வீடு எரிஞ்சதுக்கு அழாதவரு அதுக்கு அழுதாரு."

"தெரியாது வாரிக்கோ. செத்தாலும் தீராத தப்பு. தெரியாது."

அவன் நோட்டை அவளிடமே திருப்பிக் கொடுத்தான். மோட்டாரை முடுக்கினான். படகின் மூக்கு தெற்கே திரும்பியது. ஊர்ப்பக்கம் திருப்பவில்லை என்பதே பெரிய விஷயம் என்று தஸ்நேவிஸ் அக்காவின் காதில் சொன்னான்.

குட்டித் தீவில் இறங்கியதும் வரைபடம் காலை வாரிவிட்டது. 'சாய்ந்த தென்னையிலிருந்து கடலைப் பார்த்து 120 அடி, வாத்தியார் பாறை. அங்கிருந்து இடது பக்கம் 40 அடி. குகை வாய். உள்ளே மூன்றாவது மேடை.' தென்னையைக் காணோம். அது நின்ற கரையையே காணோம். எரிமலை உறுமிய அன்று நிலம் நடுங்கி, தீவின் ஒரு பக்கம் அமிழ்ந்துபோயிருந்தது. கரை இருந்த இடத்தில் பச்சைத் தண்ணீர் அலம்பிக்கொண்டிருந்தது.

"அந்தா பாரு, வாத்தியாரு!" என்று தஸ்நேவிஸ் கை நீட்டினான்.

அப்பாவைப் போலவே தொந்தியோடு உட்கார்ந்திருக்கிறது என்று அவர்கள் சின்ன வயதில் பெயர் வைத்த பாறை. இப்போது வாத்தியார் கழுத்து வரை தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். மெற்றில்டாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. அப்பா அந்தப் பாறைமேல் உட்கார்ந்துதான் விடைத்தாள் திருத்துவார்.

பாறையிலிருந்து இடது பக்கம் நாற்பது அடி, மார்பளவு தண்ணீரில் நடந்தார்கள். நேராகப் போய்ச் செங்குத்துப் பாறைச் சுவரில் முட்டிக்கொண்டார்கள். திரும்பி வந்து மறுபடி எண்ணினார்கள். மறுபடியும் சுவர்.

"நோட்டே தப்பு. கணக்கு வாத்தியார் மகளுக்கு நாப்பது எண்ணத் தெரியல," என்றான் தஸ்நேவிஸ்.

மெற்றில்டா யோசித்தாள். அப்புறம் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏல, அது இப்ப உள்ள காலா? பதினோரு வயசுக் காலுல்லா!"

அவள் பாறையில் முதுகை வைத்து, குட்டி குட்டி அடியாக எடுத்து வைத்தாள். நாற்பதாவது அடியில் காலுக்குக் கீழே குளிர்ந்த தண்ணீர் உள்ளே இழுத்தது. தஸ்நேவிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முங்கினான், எழுந்தான்.

"இருக்கு. வாய் முழுசும் தண்ணிக்குள்ள. ரெண்டு பாகம் முங்கி உள்ள போனா மேல காத்து இருக்கும்போல. நான் போயிட்டு வாரேன்."

"நான் வச்சது, நானே எடுக்கேன்."

"ஒனக்கு முங்கத் தெரியாது."

"நீ முன்னால போ, நான் ஒன் காலப் புடிச்சுக்கிடுதேன்."

தஸ்நேவிஸ் அக்காவின் முகத்தைப் பார்த்தான். மேற்கொண்டு பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. படகிலிருந்து கயிற்றை எடுத்து அவள் இடுப்பில் கட்டி, மறு முனையை வாரிக்கோவிடம் நீட்டினான்.

"எங்க ஊர்ல முங்குதவனுக்குக் கயிறு மச்சான்தான் புடிக்கணும்பாக. தங்கச்சி தாலி போயிரக் கூடாதேன்னு விடவே மாட்டானாம்."

"நான் மச்சான் இல்ல," என்றான் வாரிக்கோ. மோட்டாரை முடுக்கிய பிறகு அவன் பேசிய முதல் வார்த்தை.

"வேற ஆளு இல்ல. புடி. மூணு வாட்டி இழுத்தா வலிச்சிரு."

வாரிக்கோ கயிற்றை வாங்கிக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான்.

மெற்றில்டா மூச்சைப் பிடித்தாள், தம்பியின் கணுக்காலைப் பிடித்தாள், முங்கினாள். இருட்டு. காதில் அழுத்தம். தோளில் பாறை உரசியது. இன்னும் ஒரு நொடி, இன்னும் ஒரு நொடி என்று எண்ணி, இனி முடியாது என்னும்போது தலை வெளியே வந்தது. தஸ்நேவிஸ் டார்ச்சை அடித்தான். குகைக் கூரை தலைக்கு இரண்டு முழம் மேலே இருந்தது. அந்தக் காலத்தில் நிமிர்ந்து நின்று கூவினால் எதிரொலி வரும் குகை. முதல் மேடையும் இரண்டாம் மேடையும் தண்ணீருக்குள். மூன்றாவது மேடையின் விளிம்பு மட்டும் நனைந்து மின்னியது.

அவள் பாறையில் தொற்றிக் கையை விட்டுத் துழாவினாள். வழுக்கும் பாசி. நண்டு ஒன்று விரலைக் கவ்வியது. அப்புறம் துருப்பிடித்த தகரம்.

"தஸ்ஸு, இருக்குல. இருக்கு."

டின்னின் மூடி துருவில் பாதி தின்னப்பட்டிருந்தது. அந்த ஓட்டை வழியாக ஒரு துணி தெரிந்தது. நீலச் சேலை, மஞ்சள் கரை. அம்மா ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கட்டுகிற சேலை. மெற்றில்டா அதை விரலால் தொட்டாள். அடித்த கையாலேயே அன்று சாயங்காலம் அம்மா எண்ணெய் தடவிவிட்டதும் ஞாபகம் வந்தது. அவள் அங்கேயே, கழுத்தளவு தண்ணீரில், விக்கி விக்கி அழுதாள்.

"அக்கா, அழுவுததுக்கு இது நேரமா? தண்ணி ஏறுது."

ஏறிக்கொண்டுதான் இருந்தது. கூரைக்கும் தலைக்கும் ஒரு முழம்தான் மிச்சம். வெளியே பெரிய அலை ஒன்று மோத, குகைக்குள் தண்ணீர் பொங்கித் தஸ்நேவிஸைச் சுவரில் அடித்தது. வலது தோள் இறங்கிவிட்டது. அவன் பல்லைக் கடித்தான்.

"என்னால ஒனக்குக் காலக் குடுக்க முடியாது. நான் ஒத்தக் கையால போயிருவேன். நீ டின்ன வுட்டுட்டு நீந்து, இல்லன்னா கயிற நம்பு."

டின் ஒரு கையில் நிற்காது. இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தால்தான் சேலையும் பட்டையும் சிதறாமல் வரும். இரண்டு கையும் அதில் இருந்தால் நீந்த முடியாது. வெளியே கயிற்றைப் பிடித்திருப்பவனின் அப்பாவைத்தான் அவள் இருபத்தாறு வருடம் ஊமையாக்கி வைத்திருந்தாள்.

மெற்றில்டா டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். தம்பி முங்கிப் போனதும், முழங்கையால் கயிற்றை மூன்று முறை சுண்டினாள். மூச்சைப் பிடித்து முங்கினாள்.

ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நொடி இடுப்பே அறுந்துவிடும்போலக் கயிறு இழுத்தது. பாறை முதுகைக் கிழித்தது, காது அடைத்தது, கண்ணில் பச்சை வெளிச்சம் அடித்தது. வாரிக்கோ அவளைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினான். அவன் உள்ளங்கை இரண்டும் கயிற்றில் உரிந்து ரத்தமாக இருந்தன. அவன் டின்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"அம்மா சேலை," என்றான்.

ஊர்க்கரையில் மூங்கில் குழாய் வழியாக நல்ல தண்ணீர் விழுகிற இடம் ஒன்று உண்டு. படகைக் கட்ட வாரிக்கோ போனான். தோளைப் பிடித்தபடி தஸ்நேவிஸ் மரத்தடியில் சாய்ந்தான். மெற்றில்டா சேலையைப் பிரித்தாள். தாழை நார் மக்கித் தூளாகியிருந்தது. சங்குகள் மட்டும் கறுத்துப்போய், நார் இருந்த தடத்திலேயே வரிசையாகத் துணியில் ஒட்டிக்கிடந்தன.

இங்கேதான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். பதினைந்து வருடமாகச் சங்குப் பட்டறை நடத்துகிறவள். சங்கு கையில் வந்தால் முதல் வேலை நல்ல தண்ணீரில் போட்டு அலசுவது. அவள் யோசிக்கவே இல்லை. ஒரு பிளாஸ்டிக் சட்டியை எடுத்து, சேலையை உதறி, எல்லாச் சங்கையும் அதில் கொட்டி, தண்ணீர் பிடித்துக் கையை விட்டு நன்றாகக் கலக்கினாள். கறுப்பெல்லாம் போய்ச் சங்குகள் வெள்ளை வெளேர் என்று வந்தன. அவளுக்கே பெருமையாக இருந்தது.

வாரிக்கோ வந்து சட்டியைப் பார்த்தான். அவன் முகம் செத்துப்போனது.

"என்ன செஞ்ச?"

"கழுவினேன். எண்ணியும் பாத்துட்டேன், எழுவத்தொண்ணும் இருக்கு."

"வரிசை எங்க?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எந்தச் சண்டைக்கு அப்புறம் எந்தச் சண்டை என்று அந்த வரிசைதான் சொல்லும். வரிசை போனால் யார் சங்கு எது என்று யாருக்கும் தெரியாது. யார் கொடுத்தது என்று தெரியாத சங்கைத் தலையில் கட்ட முடியாது.

"இனி ஒரே வழிதான். குடுத்தவுகளே வந்து எடுத்து மறுபடி குடுக்கணும். சண்டை போட்ட ரெண்டு பேரும் சேந்து வரணும். செத்துப் போனவுகளுக்குப் புள்ளைக வரணும்." அவன் சட்டியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். "பட்டையத் தொலைச்ச மனுசனுக்கு இருவத்தாறு வருசம் கழிச்சு எவன் வருவான் டில்டா? ஒரு சங்கு குறைஞ்சாலும் கட்ட முடியாது."

மறுநாள் காலை திடலில் ஊர் கூடியது. ஹோலாவுவைத் தாங்கிக் கொண்டுவந்து அவர் வழக்கமாக உட்காரும் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். நடுவில் சட்டி. மெற்றில்டா எழுந்து நின்றாள். எடுத்ததைச் சொன்னாள், ஒளித்ததைச் சொன்னாள், கழுவியதையும் சொன்னாள். வாரிக்கோ ஒரு சொல் குறைக்காமல் மொழிபெயர்த்தான். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. எல்லோரும் ஹோலாவுவைப் பார்த்தார்கள். பட்டை இல்லாத ஹோலாவு வாய் திறக்க முடியாது. மன்னித்தாரா, சபித்தாரா என்று அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

வெயில் ஏறியது. ஒருவரும் எழவில்லை. மெற்றில்டா தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதலில் எழுந்தது ஒற்றைக் கண் கிழவர் ஒருவர். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த இன்னொருவரைப் பார்த்து வாடா என்று தலையசைத்தார். இரண்டு பேரும் சட்டியில் கைவிட்டுத் துழாவினார்கள். துளையை வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு வீட்டாரும் ஒவ்வொரு விதமாகத் துளை போடுவார்களாம், சாய்வாக, வட்டமாக, இரட்டையாக.

"பன்னி வழக்கு," என்று வாரிக்கோ மெற்றில்டாவின் காதில் சொன்னான். "இவரு தோட்டத்த அவரு பன்னி மேஞ்சிட்டு. பெரும்புயல் வந்த வருசம்."

"இல்லை, அதற்கு முந்திய வருசம்," என்று கிழவர் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் கூட்டத்தில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் மறுத்தார்கள். புயலுக்கு முன்னாலா பின்னாலா என்று பெரிய விவாதம். அதில் ஒரு கல்யாணம் வந்தது, ஒரு படகு கவிழ்ந்த கதை வந்தது, செத்துப்போன பன்றியின் பெயர்கூட வந்தது. சிரிப்பு கிளம்பியது. அதற்கப்புறம் திடலில் ஆள் நிற்க இடம் இல்லை. இருவர் இருவராக வந்தார்கள். அப்பா பேரைச் சொல்லி மகன் வந்தான். இரண்டு மலை தாண்டிய ஊரில் வாழ்க்கைப்பட்டவள் குழந்தையோடு வந்தாள். வாரிக்கோவின் அம்மா புதுத் தாழைப் பட்டையில் ஒவ்வொன்றாகத் தைத்துக்கொண்டே போனாள். ஊரே தன் பழைய சண்டைகளை எடுத்துத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிற்பகலில் சட்டியில் ஒரே ஒரு சங்கு மிச்சம் இருந்தது.

"அது அக்கா தங்கச்சி சங்கு. கிழங்குத் தோட்டத்து வரப்புச் சண்டை," என்றான் வாரிக்கோ. "அப்பா தீத்து வச்சாரு. பட்டை போனப்புறம் மறுபடி முட்டிக்கிச்சு. தீத்து வைக்க ஆள் இல்ல. பத்து வருசமாப் பேச்சு இல்ல."

திடலின் கிழக்கே ஒரு கிழவி நின்றாள். மேற்கே இன்னொருத்தி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் சட்டியைப் பார்த்தார்கள். ஹோலாவு இரண்டு பேரையும் பார்த்தார்.

கிழக்கேயிருந்தவள் முதல் அடி வைத்தாள். மேற்கேயிருந்தவள் அதைப் பார்த்துவிட்டு இரண்டு அடி வைத்தாள், தங்கை முந்திவிடக் கூடாதே என்று. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சட்டியில் கைவிட்டார்கள். ஒரே சங்குக்கு இரண்டு கை. மூத்தவள் ஏதோ வைதாள், இளையவளும் பதிலுக்கு வைதாள். அப்புறம் இரண்டு பேரும் அந்தச் சட்டித் தண்ணீரிலேயே கையைக் கோத்துக்கொண்டு அழுதார்கள்.

பட்டையை அவர்களே கட்டினார்கள். ஆளுக்கு ஒரு முனை. முடிச்சு விழுந்ததும் ஹோலாவு மகனின் தோளைப் பிடித்து எழுந்து நின்றார். வெள்ளைச் சங்குகளுக்குக் கீழே அந்த நெற்றி நிமிர்ந்தது. இருபத்தாறு வருடம் கழித்து அவர் திடலில் என்ன பேசப் போகிறார் என்று ஊர் காத்திருந்தது. அவர் மெற்றில்டாவின் பக்கம் திரும்பி நான்கைந்து வாக்கியம் சொன்னார்.

மெற்றில்டா வாரிக்கோவின் பக்கம் திரும்பினாள்.

"என்ன சொல்லுதாரு?" என்றாள் மெற்றில்டா.

"படகு வழக்கு பாக்கி இருக்குங்காரு." வாரிக்கோ ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தான். "நாளைக்குச் சொல்லுதேன்னு சொல்லியிருந்தேன், கொஞ்சம் நாளாயிட்டுங்காரு. அன்னைக்கே முடிவு பண்ணியாச்சாம். காட்டுல மரத்துக்குப் பஞ்சம் இல்ல. எம்மவன் இன்னொண்ணு குடைஞ்சுக்கிடுவான். அந்தப் புள்ள தாய் சேலையக் கிழிச்சுக் குடுத்தா. கிழிச்ச சேலைய ஒட்ட முடியாது. அதனால படகு…" அவன் அவளைப் பார்த்தான். "படகு ஒனக்குத்தான்."

மெற்றில்டா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தால் போதும். ஒரு நாள். அவள் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதாள். ஹோலாவு குனிந்து அவள் தலையில் கை வைத்தார்.

"ரெண்டு பேருக்கும் சம்மதமான்னு கேக்காரு," என்றான் வாரிக்கோ. "எனக்குச் சம்மதம். இத்தன வருசமா நாந்தான் ஜெயிச்சிருப்பேன்னு நெனச்சிட்டுக் கெடந்தேன், அதான் வருத்தம். ஒனக்கு?"

அவள் தலையாட்டினாள்.

அன்று சாயங்காலம் கடல் வற்றிய நேரத்தில், பவளப்பாறை ஓரம், கெண்டைக்கால் நனைய இரண்டு பேர் குனிந்து குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். கரையில் தோளில் கட்டோடு தஸ்நேவிஸ் இளநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"இது நல்லாருக்கு, வாரிக்கோ. வளவளன்னு இருக்கு."

"அது பெருசு. அப்பா நெத்திக்கு ஒத்து வராது. இந்தா, இதப் பாரு."

"அதுல ஓரத்துல உடைஞ்சிருக்கு. நான் சங்குக்காரி, எனக்குத் தெரியாதா?"

"ஆமா, சங்குக்காரி கழுவின லட்சணத்தத்தான் நேத்துப் பாத்தோமே."

"ஏ, வாய அடக்கு. நான் எடுத்ததத்தான் குடுக்கோம்."

"நான் எடுத்தத."

தஸ்நேவிஸ் இளநீரைக் கீழே வைத்தான். "ரெண்டு பேரும் நில்லுங்க. அவரு இன்னும் பட்டையக் கழத்தல, திடல்லதான் உக்காந்திருக்காரு. கூப்பிடட்டுமா?" என்று கத்தினான்.